டிஎல்பி வேண்டுமா வேண்டாமா? பெற்றோரிடம் பாரம் (படிவத் தாள்) நீட்டும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் டிஎல்பி பற்றிப் பேச்சு வருகிறது, அதாவது கணிதத்தையும் அறிவியலையும் தமிழுக்குப் பதில் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம். பத்து நிமிடம் ஆளாளுக்குச் சத்தம் போட்டபின் தலைவர், "சரி, பெற்றோர் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் அந்த வேலை உங்கள் தலையில் வந்து விழுகிறது. எனக்கு அப்படித்தான் விழுந்தது. முதல் தடவை நன்றாகவே சொதப்பினேன், இரண்டாம் தடவை கொஞ்சம் தேறினேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டிஎல்பி நல்லதா கெட்டதா என்று இங்கே சொல்லப்போவதில்லை, அதற்கு வேறு ஒரு நாள் தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சண்டைக்கு வாருங்கள்.

முதல் தடவை நான் செய்தது இது. ஓர் ஏ4 தாள். மேலே பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண். நடுவில் ஒரே கேள்வி: "உங்கள் பிள்ளை கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பதற்குச் சம்மதிக்கிறீர்களா? ஆம் / இல்லை." கீழே கையெழுத்து. பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பி, வகுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். ஏறக்குறைய எல்லாரும் ஆம் போட்டிருந்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன். பொதுக்கூட்டத்தில் அதை அறிவித்ததும் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து எதிர்த்தார்கள், அதில் ஆம் போட்டவர்களும் இருந்தார்கள்! கூட்டம் கலைந்தபின் சிற்றுண்டிச் சாலையில் ஓர் அக்காவிடம், "நீங்களும் ஆம்னுதானேக்கா போட்டீங்க?" என்று கேட்டேன். "டீச்சர் குடுத்து விட்ட பாரம் தம்பி. வேணாம்னு போட்டா நாளைக்கு என் பிள்ளையை எப்படிப் பார்ப்பாங்க? அதுவும் இல்லாம, இங்கிலீஷ் வேணாம்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா?" என்றார்.

அக்கா சொன்ன இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, யார் கேட்கிறார், தாள் யார் கைக்குத் திரும்பிப் போகிறது என்பது. இரண்டாவது, கேள்வியே ஆம் என்ற பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது என்பது. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமா என்று இந்த நாட்டில் எந்தப் பெற்றோரைக் கேட்டாலும், மலாய்க்காரரோ சீனரோ இந்தியரோ, வேண்டும் என்றுதான் சொல்வார். நாம் அறிய வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி. எதை விட்டுக்கொடுத்து, எந்த வயதில், யார் சொல்லிக்கொடுத்து?

முதலில் கொஞ்சம் பழைய கதை

கேள்வி எழுதும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சண்டையின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெற்றோர் சொல்லும் பாதிப் பதில் புரியாது. 2003-ல், மகாதீர் பிரதமராக இருந்தபோது, கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். பிபிஎஸ்எம்ஐ என்ற பெயர் இன்றைக்கும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் திரையில் படம் காட்டும் கருவியும் வந்து இறங்கின. 2009 மார்ச்சில் கோலாலம்பூரில் பெரிய ஊர்வலம், கண்ணீர்ப் புகை, தேசிய இலக்கியவாதி சமாட் சைட் முன்னணியில். அந்த ஜூலையில் அப்போதைய கல்வி அமைச்சர் முகிதீன், 2012 முதல் படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தார். பிறகு 2016-ல் டிஎல்பி வந்தது. இந்தத் தடவை எல்லாப் பள்ளிக்கும் கட்டாயம் கிடையாது. வசதியும், நடத்தக்கூடிய ஆசிரியரும், பெற்றோர் சம்மதமும், மலாய் மொழிப் பாடத்தில் போதிய தேர்ச்சியும் இருந்தால் பள்ளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெற்றோர் சம்மதம் என்ற வார்த்தையால்தான் நீங்கள் இப்போது தாளும் கையுமாக நிற்கிறீர்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. பிபிஎஸ்எம்ஐ வேண்டாம் என்று மலாய் மொழி ஆர்வலர்கள் சொன்னார்கள், சீனப் பள்ளிகளுக்காகப் போராடும் டோங் சோங் சொன்னது, தமிழ் ஆர்வலர்களும் சொன்னார்கள். மூவரும் சொன்னது "வேண்டாம்"தான். ஆனால் முதலாமவருக்குத் தேசிய மொழியின் இடம் போகிறதே என்ற கோபம், கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குவார்களே என்ற கவலை. இரண்டாமவருக்குச் சீனப் பள்ளியின் சீனத் தன்மை போய்விடும் என்ற பயம், நம்மவருக்குத் தமிழ்ப்பள்ளியின் தமிழ் போய்விடும் என்ற பயம். இந்த முதலாமவர் பக்கத்திலேயே தமிழ், சீனப் பள்ளிகள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய், 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் இந்தப் பள்ளிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்புச் சொல்ல, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, ஒரே "வேண்டாம்" என்பதற்குள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மூன்று காரணங்கள் இருந்தன. "வேண்டும்" என்பதும் அப்படித்தான். ஒருவர் மகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று சொல்கிறார், இன்னொருவர் பக்கத்துச் சீனப் பள்ளிக்குப் பிள்ளைகள் போவதை நிறுத்த இதுதான் வழி என்று சொல்கிறார். காரணத்தைக் கேட்காமல் ஆம், இல்லை மட்டும் எண்ணினால் கையில் மிஞ்சுவது வெறும் எண்.

கேள்வியை எப்படி எழுதுவது

ஒரு கேள்வியை மூன்றாக உடைக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்ததுதான் என் தாளில் இருந்த கோளாறு.

முதலாவது பொதுவான கருத்து. "நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் எந்த மொழியில் நடத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" தமிழ், மலாய், ஆங்கிலம், பள்ளியைப் பொறுத்தது, சொல்லத் தெரியவில்லை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் தெரியாதவர்களும் ஏதோ ஒன்றில் கோடு போட்டுவிடுவார்கள். இரண்டாவது சொந்தப் பிள்ளை. "உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்றால் எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?" ஏன் என்பதற்கு நான்கு வரி இடம் விடுங்கள். மூன்றாவது நிபந்தனை. "எது இருந்தால் உங்கள் பதில் மாறும்?" இதைத்தான் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒரே மனிதர் நேர்மாறாகப் பதில் எழுதுவார், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளி தமிழிலேயே இருக்க வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டுத் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புபவர்களைப் பற்றி நாம் எல்லாரும் பேசிச் சிரித்திருக்கிறோம். ஆனால் மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம்தான் முன்னேற்றம் என்று நம்புகிற அப்பா, தன் முதல் வகுப்பு மகன் கணக்குப் புரியாமல் அழுவதைப் பார்த்துவிட்டு "இவனுக்கு மட்டும் தமிழ்லயே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். இரண்டும் உண்மையான பதில்தான், இரண்டு கேள்விகள் இருந்தால்தான் இரண்டும் வெளியே வரும்.

வார்த்தைகளில் கவனம் தேவை. "இருமொழித் திட்டம்" என்று எழுதினால் நிறைய பேர் தமிழிலும் சொல்லி ஆங்கிலத்திலும் சொல்வார்கள் போல என்று நினைக்கிறார்கள். பெயர் அப்படி இருக்கிறது, அவர்கள் மேல் தப்பில்லை. நடப்பதோ, அந்தப் பாடத்தை ஆங்கிலத்திலேயே நடத்துவது. அதனால் பெயரை விட்டுவிட்டு நடப்பதை எழுதுங்கள்: "பாடநூல், வகுப்பு, வீட்டுப்பாடம் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கும்." அதேபோல் "தாய்மொழியில் கற்கும் உரிமை" என்று ஆரம்பித்தால் ஒரு பக்கம் சாய்கிறது, "உலகத் தரத்துக்கு உயர" என்று ஆரம்பித்தால் மறுபக்கம் சாய்கிறது. இரண்டையும் வெட்டி எறியுங்கள். செயலவையில் யாராவது ஒருவர் இந்த மாதிரி ஒரு வரியை எப்படியாவது நுழைக்கப் பார்ப்பார், பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், விடாதீர்கள்.

தாளை எந்த மொழியில் அச்சடிப்பது என்பதும் சும்மா இல்லை. தமிழில் மட்டும் அச்சடித்தால் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்து வளர்ந்த அம்மாக்களில் சிலருக்கு வாசிக்க வராது, அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், கணவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய் என்று போடுங்கள். மொழிபெயர்த்தபின் இன்னொருவரிடம் மலாயை மட்டும் காட்டி, அதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் முதல் மலாய் வடிவத்தில் "கற்கலாமா" என்பது "கற்க வேண்டும்" என்று ஆகியிருந்தது, ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

யாரிடம், எப்படி

தமிழ்ப்பள்ளிகள் இந்த நாட்டில் 500-க்கும் மேல் இருக்கின்றன, பலவற்றில் மொத்தப் பிள்ளைகளே நூறைத் தாண்ட மாட்டார்கள். அப்படிச் சின்னப் பள்ளி என்றால் மாதிரி எடுக்கிற வேலையே வேண்டாம், எல்லாக் குடும்பத்தையும் கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு தாள் என்று கொடுக்காமல் குடும்பத்துக்கு ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்று பிள்ளை உள்ளவருக்கு மூன்று ஓட்டு. பெயர் வேண்டாம், பிள்ளை எந்த ஆண்டு என்பது போதும். ஒட்டிய உறை, அலுவலகத்துக்கு வெளியே ஒரு பெட்டி, பெட்டியைப் பெற்றோரே திறக்க வேண்டும். கல்வி அமைச்சுக்குத் தேவையான பெயரும் கையெழுத்தும் உள்ள சம்மதப் பாரம் வேறு, அது பின்னால் வரட்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டதுதான் அந்த அக்காவைப் பயமுறுத்தியது.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். வேண்டவே வேண்டாம். யார் எதற்குப் போட்டார் என்று அதில் பெயரோடு தெரியும், முதல் பத்துப் பேர் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுவார்கள், இரவு ஷிப்ட் போகிறவர் எழுந்து பார்க்கும்போது குழுவில் சண்டையே முடிந்திருக்கும்.

திரும்பி வராத தாள்களைத் துரத்துங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களும் தாளை உடனே நிரப்புகிறவர்களும் ஒரே ஆட்கள், அவர்கள் கருத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தொழிற்சாலை பஸ்ஸில் போகிற அம்மா, லாரி ஓட்டுகிற அப்பா, பிள்ளையை வளர்க்கிற பாட்டி ஆகியோரைப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பிடித்தால்தான் உண்டு. வயதானவர்களிடம் பேசும்போது பொறுமை தேவை. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளை ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் வழிக்கு மாற்றினார்கள், 80களின் தொடக்கத்தில் அது முடிந்தது. அதற்கு முன் அந்தப் பள்ளிகளில் படித்த தாத்தாக்கள் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். தோட்டப் பள்ளியில் படித்த பாட்டிகளுக்கோ பள்ளி என்றாலே மூடிவிடுவார்களோ என்ற பயம். அது சும்மா வந்த பயமும் இல்லை. 1961 கல்விச் சட்டத்தில், அமைச்சர் நினைத்தால் தமிழ், சீனத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1996 சட்டத்தில்தான் அது போனது. "ஆங்கிலம்னா அப்புறம் தமிழ் தெரியாத வாத்தியார அனுப்புவாங்க, அப்புறம் பள்ளிக்கூடமே நமக்கு எதுக்கும்பாங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் அதைக் கற்பனை என்று ஒதுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களைத் தனியாகக் கேளுங்கள், தலைமையாசிரியர் அறையில் இல்லாத நேரமாக. பெற்றோர் விரும்பினாலும் நடத்தப்போகிறவர் அவர்கள்தான். தமிழில் பயிற்சி பெற்று, இருபது ஆண்டு தமிழில் அறிவியல் நடத்திய ஆசிரியை, "நான் ஆங்கிலத்துல படிச்சுக் காட்டிடுவேன் சார், பிள்ளை குறுக்குக் கேள்வி கேட்டா என்ன பண்றது?" என்று கேட்டதை எந்தப் பாரத்திலும் நான் பார்த்திருக்க முடியாது.

நேரில் பேசும்போது கருத்தைக் கேட்காதீர்கள், நேற்று ராத்திரியைக் கேளுங்கள். "நேத்து வீட்டுப்பாடம் யார் சொல்லிக் குடுத்தா? எந்த மொழியில?" ஒரு அம்மா இப்படி விவரித்தார். நான்காம் ஆண்டுப் பையன் பின்னம் செய்துகொண்டிருக்கிறான். புத்தகத்தில் பின்னம், தொகுதி, பகுதி. அம்மாவுக்கு அந்தக் கணக்கு நன்றாக வரும், ஆனால் அவர் படித்தது மலாயில், அவருக்கு அது பெச்சாஹான். இடைநிலைப்பள்ளியில் படிவம் 3 படிக்கிற அக்காவும் பெச்சாஹான் என்கிறாள். டியூஷன் சார் பிராக்‌ஷன் என்கிறார். ஒரு ரொட்டிச் சானாயை நான்காகக் கிழித்துக் காட்டித்தான் அன்றைக்குக் கணக்கு முடிந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவராகவே, "எந்த மொழின்னாலும் சரி, ஏழாவது வருசம் மாத்தாம இருந்தா போதும்" என்றார்.

அவர் கை வைத்த இடம் சரியான இடம். தமிழ்ப்பள்ளி ஆறு வருடம்தான், படிவம் 1 முதல் மலாய். டிஎல்பியில் ஆறு வருடம் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை போகும் இடைநிலைப்பள்ளியில் டிஎல்பி வகுப்பு இல்லாவிட்டால் அங்கே மலாய்க்கு மாற வேண்டும். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணித, அறிவியல் தாள்களில் மலாயும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும், ஆனால் அதுவரை வகுப்பில் நடப்பது எது என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். அதனால் தாள் அனுப்பும் முன்பே உங்கள் பிள்ளைகள் வழக்கமாகப் போகும் இரண்டு மூன்று இடைநிலைப்பள்ளிகளில் டிஎல்பி இருக்கிறதா என்று விசாரித்து, அதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இதைச் சேர்த்த பிறகு எங்களுக்கு வந்த பதில்கள் முன்னைவிட நிதானமாக இருந்தன, "சொல்லத் தெரியவில்லை" கட்டமும் கூடியது. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

எண்ணும்போது

பெரும்பான்மை ஆம் என்றால் ஆம் என்று முடித்துவிட முடியாது, அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. டிஎல்பி நடத்தும் பள்ளியில் டிஎல்பி அல்லாத வகுப்பும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அமைச்சு வழிகாட்டி கொண்டுவந்ததும் அதற்குப் பெற்றோர் குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நினைவிருக்கும். ஐந்து வகுப்பு உள்ள பெரிய பள்ளிக்கு அது ஒரு மாதிரிச் சிக்கல். ஆண்டுக்குப் பதினைந்து பிள்ளை, ஒரே வகுப்பு என்கிற தமிழ்ப்பள்ளிக்கு அது வேறு சிக்கல். பன்னிரண்டு பேர் ஆம், மூன்று பேர் இல்லை என்றால் அந்த மூவரை எங்கே உட்கார வைப்பது? சரவாக்கில் 2020 முதல் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலத்தில் நடக்கிறதே என்று ஒருவர் கேட்பார். அங்கே மாநில அரசே முன்னின்று செய்தது, நீங்கள் ஒரே ஒரு வகுப்பறையை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆகவே கணக்கை ஆண்டு வாரியாகப் போடுங்கள், முக்கியமாக அடுத்த வருடம் சேரப்போகிறவர்களைத் தனியாக. ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் ஆர்வம் நல்லதுதான், ஆனால் அவர்கள் பிள்ளைக்கு இதில் ஒன்றும் வரப்போவதில்லை.

முடிவை அறிவிக்கும்போது மூன்று கேள்விக்கும் மூன்று எண்கள் சொல்லுங்கள், எத்தனை தாள் கொடுத்தோம் எத்தனை திரும்பி வந்தது என்பதையும் சொல்லுங்கள். காரணங்களை அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே வாசியுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்தலாம், கருத்தைத் திருத்தக் கூடாது. மூன்றாவது கேள்வியின் பதில்களை மட்டும் தனித் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், ஏனென்றால் பள்ளி உடனே ஏதாவது செய்யக்கூடியது அதில்தான் இருக்கும். எங்களுக்கு அதில் அதிகம் வந்தது மொழியைப் பற்றியே இல்லை, அறிவியல் ஆசிரியர் வருடா வருடம் மாறுகிறார் என்பதுதான். இரண்டாம் தடவை வந்த ஒரு தாளின் பின்பக்கத்தில், "ஆம், இல்லை ரெண்டும் போடல. முதல் மூணு வருசம் தமிழ், அப்புறம் பார்க்கலாம். போன தடவ பயந்து போட்டுட்டேன்" என்று இருந்தது. பெயர் இல்லை, ஆனால் சிற்றுண்டிச் சாலை அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியும். அதை எந்தக் கட்டத்திலும் சேர்க்காமல் "மற்றவை" என்று ஒரு வரி போட்டு அப்படியே எழுதி வைத்தேன்.